கேமராவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அனுப்புநர்: தம்பி, வீட்டின் இடது பாதி.
பெறுநர்: அண்ணன், அதே வீட்டின் வலது பாதி.

அண்ணன் அவர்களின் கனிவான கவனத்திற்கு,

இங்கு நானும் இவளும் நலம். அங்கு தாங்களும் அண்ணியும் நலம் என்பது சுவர் வழியாகவே தெரிந்துவிடுகிறது. போன மாதம் தங்களுக்கு இருமல் இருந்தது. இப்போது கேட்கவில்லை. மகிழ்ச்சி. நேற்று காலை தாங்கள் ஆணி அடித்ததில் என் பக்கம் ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குத் தபால் என்று தாங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள். நமக்குள்தான் பேச்சுவார்த்தை இல்லையே. அப்பா காலமான பிறகு கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினோம். கோடு நடுவில்தான் போட்டோம், ஆனால் சுவரின் கனம் முழுவதும் என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். அளந்து பார்த்துவிட்டுப் பேசு என்றீர்கள், அளந்தேன், அந்த அளவுகோலே கோணல் என்றீர்கள், அத்தோடு நின்றது பேச்சு. அளவுகோல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேராகத்தான் இருக்கிறது. பெண்கள் இருவரும் மட்டும் கொல்லைப்புறத்துத் துணிக்கொடிக்கு இருபக்கமும் நின்று உலகத்தை அலசிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளியவன் நான். எழுதிய எதையும் உரக்க வாசித்துப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. இதையும் அப்படி வாசித்துப் பார்த்துவிட்டே தபாலில் சேர்ப்பேன், ஆகையால் பிழை இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் நம் கூடத்தில் வைத்து டிவிக்கு ஒரு வாராந்திரத் தொடர் எடுத்தார்களே, ஒரு வேளை விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கிளம்பவே மாட்டேன் என்று மாமனார் வீட்டிலேயே தங்கிவிடுவாரே, அதை மறுபடியும் எடுக்கிறார்கள்! அன்றைக்கு மாப்பிள்ளையாக நடித்தவரே இப்போது மாமனார். அவருக்கு ஒரு மாப்பிள்ளை வந்து, இவர் அன்று செய்த அட்டகாசத்தையெல்லாம் இவருக்கே திருப்பிச் செய்கிறானாம். இந்த யோசனை எந்த மண்டையில் உதித்ததோ, அந்த மண்டையை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் நம் வீட்டிலேயே எடுக்கலாம் என்று இரண்டு பேர் வந்தார்கள். இயக்குநர் ஒருவர், முகத்தில் தாடியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கூடவே கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்ட ஒரு பெண், செட் போடுகிறவள். நான் டேப் பெண் என்றே கூப்பிடுகிறேன், அவளுக்கும் அது பிடித்திருக்கிறது. தாடி உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கூடம் எங்க சார்?" என்றார். "நீங்க நிக்கிறதுதான் கூடம்" என்றேன். "மீதி?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். ஒரு குடும்பம் எக்காரணம் கொண்டும் பிரியாது என்று வாரம் தவறாமல் ஊருக்கே பாடம் நடத்திய கூடம் அது என்பதால் அந்த மனிதர் சுவர் நிஜம்தானா என்று தட்டிப் பார்த்தார். டேப் பெண் மட்டும் அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று தங்கள் வாசலுக்கு வந்தாள். "டிவியில வந்தது அந்தப் பாதி. இந்தப் பாதியை யார் பாத்தாங்க? அங்கேயே போய்க் கேளுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்களாம். அவள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

சரி, வீடு சரிப்படாது என்று ஊருக்கு வெளியே ஒரு பஞ்சுக் கிடங்கைப் பிடித்து, பழைய பதிவுகளை ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நம் கூடத்தை அங்கே கட்டிவிட்டார்கள். ஒருநாள் எங்களைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அண்ணா, அதை நான் எப்படி எழுதுவேன்! தகரக் கதவைத் தள்ளி உள்ளே போனால் ஒரே இருட்டு, தரை முழுக்க ஒயர். நாலடி நடந்து திரும்பினால் வெயில் விழுகிற நம் கூடம். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றி, அம்மா எப்போதும் கழற்றச் சொல்லும் அதே மூலையில் ஒதுக்கியும் வைத்தது. சிவப்புத் தரையில் நான் இரும்புக் குண்டைப் போட்டு உண்டாக்கிய விரிசல் இருக்கிறது. ஆடும் அலமாரிக் கதவுக்கு மடித்துச் செருகிய அட்டை இருக்கிறது. அப்பாவின் சாய்வு நாற்காலியில் கை உடைந்த இடத்தில் நீங்கள் சுற்றிய நீல ஒயர் இருக்கிறது, அதுவும் நீங்கள் சுற்றிய மாதிரியே கோணலாக. எந்த விளக்கையும் எரிக்காத ஒரு ஸ்விட்ச் இருக்குமே, எதற்கென்று அப்பாவுக்கே தெரியாதே, அதுகூட இருக்கிறது. நான் அமுக்கினேன். "டொக்" என்றது. அதே டொக்!

"எப்படிம்மா இது?" என்றேன் டேப் பெண்ணிடம்.

"ஒரு காட்சியில மாப்பிள்ளை சும்மா இருக்க முடியாம அதை அமுக்குவார் சார். அந்தச் சத்தம் வர்ற ஸ்விட்சுக்காகப் பழைய சாமான் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன்."

ஒன்றுக்கும் உதவாத ஒரு ஸ்விட்சுக்காக ஒரு பெண் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள் என்றால் நான் என்ன சொல்வது? எத்தனையோ பெரிய மனிதர்கள் ரயிலேறுவதை என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், யாரைப் பார்த்தும் எனக்கு இப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அகலம். மறந்தே போயிருந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தேன். பாதி வழியில், சுவர் வரவேண்டிய இடத்தில், கால் தயங்கியது. நின்று, கையை நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மேலே நடந்தேன். விளக்குக்காரர்கள் எனக்குக் கண் தெரியாது என்று நினைத்து ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

நடந்த கூத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். இவள் உள்ளே வந்தவுடன், "என்ன இப்படி தூசியா போட்டு வெச்சிருக்காங்க!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரி, ரேடியோ, படச்சட்டம் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து முடித்தாள். அதற்குள் ஒரு ஆள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அந்தத் தூசியைச் சல்லடையில் சலித்து, தூரிகையால் தடவி, பழைய தூசி மாதிரி படிய வைத்தவன் அவன்தானாம். இவள் அவனுக்கு ஆறுதலாக, "விடுப்பா, ஒரு வாரம் சும்மா விட்டா தானா வந்துரும்" என்றாள். நான் கை கழுவலாம் என்று நம் உள்ளறைக் கதவைத் திறந்து உரிமையோடு காலை வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அறையே இல்லை, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் தட்டில் கால் பட்டது. அந்த அவமானத்தை மறைக்கத் திரும்பி வந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் அப்பாவைத் தவிர யாரும் உட்காரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், தெரியும், ஆனாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிறந்ததிலிருந்து ஆசை. வார்னிஷ் காயவில்லை என்று யாரும் சொல்லவில்லை. இயக்குநர் வருகிறார் என்று மரியாதைக்கு எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. அவர் கைகொடுக்க, நான் நாற்காலியோடு கைகொடுக்க, பின்னாலிருந்து மூன்று பேர் அதைப் பிடித்து இழுக்க, என் பேண்ட் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஆனோம். அப்பா சட்டம் போட்டால் அதில் காரணம் இல்லாமல் இருக்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்த இடத்தில்தான் அண்ணா, விஷயம் கனமாகிறது. கடன் வாங்கிய ஒரு பேண்டில் நான் திரும்பி நின்றபோது பார்த்தேன், கூடத்துக்கு மூன்று பக்கம்தான் நம் வீடு. நான்காவது பக்கம் வெறும் வெள்ளைப் பலகை. அன்றைக்குக் கேமரா அந்தப் பக்கம் நின்றது, ஆகையால் அந்தச் சுவர் ஒரு பதிவிலும் இல்லை. இப்போதோ கேமரா சுற்றிச் சுற்றி வருமாம், நான்கு பக்கமும் வேண்டுமாம். "அந்தச் சுவர்ல என்ன சார் இருந்துது? நீங்க சொன்னா அப்படியே பண்ணிடுவேன்" என்று டேப் பெண் பென்சிலோடு நிற்கிறாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "கடிகாரம்" என்றேன். சுவர் வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் அந்தக் கூடத்தில் குடித்தனம் செய்தவள் என்ற உரிமையில் இவள், "கடிகாரமா? கண்ணாடி" என்றாள். அக்காவுக்கு போன் போட்டோம். "மான் கொம்புடா, மறந்துட்டியா?" என்கிறாள். மான் கொம்பு இருந்தது அவள் மாமியார் வீட்டில். டேப் பெண் எழுதினாள், அடித்தாள், எழுதினாள், பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு சுவர் முழுசாக மறந்து போகுமா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சுவர் பாகப்பிரிவினையில் தங்கள் பக்கம் போனது. அதை நான் பார்த்துப் பல காலம் ஆகிறது, பார்க்கும் வழியும் இல்லை.

இவளை விட்டு அண்ணியிடம் துணிக்கொடி வழியாகக் கேட்கச் சொன்னேன். அண்ணி சொன்னது: "அதை அவர் வாயாலதான் கேக்கணும். வெள்ளையடிக்க வந்தவங்களைக்கூட அந்தச் சுவர்கிட்ட அண்ட விடலை அவர்." இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்படி என்ன இருக்கிறது அங்கே?

எழுதாமல் இருந்திருப்பேன். கடிகாரத்தையே மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் நேற்று பழைய மாப்பிள்ளை ஒத்திகைக்கு வந்தார். தலை நரைத்திருக்கிறது, நடையில் மட்டும் அதே திமிர். வந்தார், ஸ்விட்சை அமுக்கினார், "டொக்" சத்தம் கேட்டுச் சிரித்தார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, "நாளைக்குக் கிளம்பிடறேன் மாமா, சத்தியமா" என்ற அந்தப் பழைய வசனத்தைச் சொன்னார். எங்களுக்குப் புல்லரித்தது. தாடியின் தாடியே சிலிர்த்துக்கொண்டது. அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. மறுபடி சொன்னார். வெள்ளைப் பலகையைப் பார்த்தார். மறுபடி சொன்னார்.

"என்ன குறையுதுன்னு சொல்லுங்க, சரி பண்ணிடலாம்" என்றார் தாடி.

"அந்தப் பக்கத்துல இவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் நிப்பாங்க" என்று பலகையைக் காட்டினார் அவர். "அதுல பெரிய பையன் ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயம். நான் இயக்குநர் முகத்தைப் பார்த்ததே இல்ல சார். அந்தப் பையன் கை வாய்க்குப் போச்சுன்னா காட்சி தேறிச்சுன்னு எனக்குத் தெரியும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அது நீங்களா?" என்றார்.

"எங்க அண்ணன்" என்றேன். இந்தச் சொல்லை வெளியாளிடம் சொல்லி எவ்வளவு நாளாகிவிட்டது என்று சொல்லும்போதே தெரிந்தது.

டேப் பெண் உடனே, "அப்ப அது உங்க அண்ணன் சிரிப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் ஒரு மெஷினைக் கொண்டுவந்து அதன் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். ஸ்விட்ச் சத்தத்துக்காகப் பழைய பதிவின் ஒலியைச் சுத்தம் செய்து கேட்கும்போது நடுநடுவே ஏதோ ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்ததாம், யாரோ மூக்கு வழியாகச் சிரிப்பதுபோல, என்னவென்று தெரியாமல் அழிக்க மனம் வராமல் வைத்திருந்தாளாம். கேட்டேன். நீதான். வாயைப் பொத்தியதும் மூக்கு வழியாகக் குபீரென்று கிளம்புமே, அம்மா உன் முதுகில் ஒன்று வைப்பாளே, அந்த அடிகூட லேசாகக் கேட்கிறது. நம் அம்மாவின் கை அண்ணா அது! ஒரு டப்பாவுக்குள் அத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் உன் சிரிப்பும் அம்மாவின் அடியும் பத்திரமாக இருந்திருக்கின்றன என்பதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்புத் தீரவில்லை. கிடங்கு முழுக்க ஆள் நிற்க நான் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோன கடன் பேண்டும் கையுமாக நின்று அழுதேன். இந்தச் சுவர் வழியாக நீ இருமுவதைக் கேட்டிருக்கிறேன், ஆணி அடிப்பதைக் கேட்டிருக்கிறேன், சிரித்து நான் கேட்கவே இல்லை. நீ சிரிப்பதில்லையா, அல்லது நான் கேட்டுவிடக் கூடாது என்று இன்னும் வாயைப் பொத்திக்கொள்கிறாயா?

மன்னிக்கவும், உணர்ச்சிவசப்பட்டு ஒருமையில் எழுதிவிட்டேன். தாங்கள் என்று திருத்திப் படிக்கவும்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது யாதெனில், வரும் திங்கட்கிழமை படப்பிடிப்பு தொடங்குகிறது. அதற்குள் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதைத் தெரிவிக்கவும். இல்லையேல் கடிகாரம் மாட்டிவிடுவார்கள், ஊர் உலகம் பார்க்கும் நம் வீட்டில் ஒரு பொய்க் கடிகாரம் காலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பதிலைத் தபாலிலேயே அனுப்பவும். இதைச் சமாதானக் கடிதம் என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சுவரின் கனம் பற்றிய என் நிலையில் மாற்றம் எதுவும் இல்லை. தாங்கள் இங்கு வர வேண்டாம், நானும் அங்கு வருவதாக உத்தேசம் இல்லை. சுவரைத் தட்டிப் பேசும் பழக்கமும் வேண்டாம், காரை உதிர்கிறது.

அண்ணிக்கு என் வணக்கம். தாங்கள் வெந்நீரே குடித்து, இருமல் திரும்ப வராமல், சகல சௌக்கியங்களோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தம்பி
(ஓய்வு பெற்ற அறிவிப்பாளர்)

பின்குறிப்பு: மேற்கண்ட அறிவிப்பு முழுவதும் ரத்து செய்யப்படுகிறது.

எழுதி முடித்து, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டு, வழக்கம்போல இவளை எதிரில் உட்கார வைத்து முதலிலிருந்து உரக்க வாசித்தேன். என் தொண்டைக்கு மெல்லப் பேசத் தெரியாது. "நாற்காலியும் எழுந்தது" என்ற இடத்துக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூக்கு வழியாக, குபீரென்று ஒரு சத்தம். என் கையிலிருந்து காகிதம் நழுவிவிட்டது. இவள், "நிறுத்தாதீங்க, படிங்க, படிங்க" என்று சைகை காட்டினாள். மீதியைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டே வாசித்தேன். இது நீயே காதால் கேட்டதுதான், ஆனாலும் எந்த அறிவிப்பையும் திருப்பிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி என்பதால் எழுதுகிறேன்.

வாசித்து முடித்தேன். பிறகு சுவர் பேசியது.

"டேய். கடிகாரமும் இல்ல, கண்ணாடியும் இல்ல. எண்ணெய்க் கறைடா."

"என்ன கறை?" என்றேன். என் குரல் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

"தலை எண்ணெய். ஷூட்டிங் நடக்குறப்ப எல்லாரும் அந்தச் சுவர்ல சாய்ஞ்சு நின்னுதானே பாத்தோம், வாரா வாரம், நகரக் கூடாதுன்னு ஒரே எடத்துல. அப்பாவோடது மேல. அம்மாவோடது கொஞ்சம் கீழ. அக்கா பின்னலை ஒரு பக்கமா போட்டுக்குவா, அவளோடது சாய்வா இருக்கும். அப்புறம் நான். எல்லாத்துக்கும் கீழ, தரைக்குக் கிட்ட உன்னோடது. நீதான் நிக்கவே மாட்டியே, உக்காந்துக்குவே. சுவர்ல இருந்தது நாமதான்டா, வேற ஒண்ணும் இல்ல."

"இன்னமும் இருக்கா?"

"உன் பாதி டிவியில வந்துது. என் பாதிக்கு இதுதான் கிடைச்சுது. இதுக்கு மேல வெள்ளையடிக்க விடுவேனா?"

அதனால்தான் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை, எல்லோரும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள் என்று இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். நீ மறுபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த அளவுகோல் கோணல்தான்" என்றாய். "நேராத்தான் இருக்கு" என்றேன். "எடுத்துட்டு வா, பாத்துடலாம்" என்றாய்.

கிளம்பிவிட்டேன். டேப் பெண்ணுக்கு போன் போட்டு, கறைக்கு என்ன எண்ணெய் என்று நீயே சொல்லும்வரை பலகையைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நீ அந்தப் பக்கம் நிற்க வேண்டும், பழைய மாப்பிள்ளை காத்திருக்கிறார், வாயைப் பொத்தவும் அவசியமில்லை. ஸ்டாம்ப் வீணாகக் கூடாதே என்று கடிதத்தையும் கையோடு கொண்டு வருகிறேன். இப்போது நான் அங்கே சாய்ந்து நின்றால் என் தலை அப்பாவுடைய கறைக்கு நேராகப் போகும் என்று நினைக்கிறேன். நின்று பார்த்துவிட வேண்டும். தலையில் ஒரு முடி மிச்சமில்லை, இருந்தாலும் எண்ணெய் வைத்துக்கொண்டே வருகிறேன்.